ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா: இரண்டு நெற்புரதங்களும் நான்கு சோதனைகளும்

கடந்த சித்திரையில் எங்கள் ஆய்வகச் செடியறையின் ஏசி பழுதாகி, அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று. பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி இங்கே வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறைக்குள் தொங்கிய வெப்பமானி பிற்பகல்களில் 34 பாகை செல்சியசைக் காட்டியது. ஆய்வேட்டுக் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால் நான் வேலையை நிறுத்தவில்லை. வழக்கம்போல அக்ரோபாக்டீரியக் கரைசலை ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, இலைகளின் அடிப்புறத்தில் அழுத்திச் செலுத்தி, மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓர் உயிரணுகூட ஒளிரவில்லை. இரண்டு புரதங்கள் தாவர உயிரணுவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று கண்டறிவதே என் வேலை; ஒட்டினால் உயிரணு ஒளிரும்படி அமைத்த சோதனை அது. அந்த வாரம் கிடைத்த விடை, மேலோட்டமாகப் பார்த்தால், "ஒட்டவில்லை" என்பதுதான்.

அந்த விடை புரதங்களைப் பற்றியதன்று. அக்ரோபாக்டீரியம் தன் டி.என்.ஏ.யின் ஒரு துண்டைத் தாவர உயிரணுவுக்குள் அனுப்பக்கூடிய இயற்கைப் பாக்டீரியம். அந்தத் துண்டில் என் புரதங்களுக்கான மரபணுக்களை வைத்துத்தான் இலைக்குள் அனுப்புகிறேன். அதற்கென ஒரு நுண்ணிய குழாய் அமைப்பைத் தன் மேல்புறத்தில் கட்டிக்கொள்கிறது. வெப்பம் 28, 29 பாகையைத் தாண்டினால் அந்த அமைப்பு ஒழுங்காகக் கூடுவதில்லை. 20 முதல் 25 பாகைக்குள்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆகவே அந்த ஒன்பது நாளும் என் மரபணுக்கள் இலைக்குள் போய்ச் சேரவே இல்லை. குளிர்நாட்டு ஆய்வகங்களில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளில் "அறை வெப்பநிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் எங்கள் ஊர்ச் சித்திரைக்குப் பொருந்தாது.

என்ன ஆராய்கிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாமிரவருணிப் பாசனத்தில் பிசான நெல் நட்டவர்கள், குறிப்பாகக் கடைமடைக்காரர்கள், கால்வாயில் தண்ணீர் குறையும் நாள்களில் நண்பகலில் இலைகள் நீளவாக்கில் சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுருளோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது: இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அதற்கு ஆணையிடும் வேதிப்பொருள் அப்சிசிக் அமிலம். நீர் போதுமான அளவு இருக்கும்போது ஃபாஸ்ஃபட்டேஸ் என்னும் வகைப் புரதங்கள், துளையை மூடச்செய்யும் கைனேஸ் புரதங்களைச் செயல்படவிடாமல் அடக்கி வைத்திருக்கின்றன. வறட்சியில் அமிலம் பெருகியதும், அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஃபாஸ்ஃபட்டேசின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது, கைனேஸ் விடுபடுகிறது. அந்த ஏற்பியை உலகம் அறிந்ததே 2009ஆம் ஆண்டில்தான். கலிபோர்னியாவின் ரிவர்சைடிலிருந்தும் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்தும் இரண்டு குழுக்கள் அதை ஒரே காலத்தில் வெளியிட்டன. அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச்செடியில் இத்தகைய ஏற்பிகள் 14 உள்ளன. நெல்லிலும் இக்குடும்பம் இருக்கிறது. அதில் ஓர் ஏற்பியும் ஒரு ஃபாஸ்ஃபட்டேசும் என் பங்குக்கு வந்தவை.

முதலில் ஈஸ்ட் சோதனை. ஈஸ்ட் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வர வேண்டியது பனங்காடு. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பனஞ்சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாவதற்கு முக்கியக் காரணமான அதே ஈஸ்ட் இனம்தான் ஆய்வகத் தட்டிலும் வளர்கிறது. 1989இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்-கியூ சாங் என்னும் இருவர் அதை ஒரு பொறியாக மாற்றினார்கள். ஈஸ்டில் ஜி.ஏ.எல் 4 என்று ஒரு புரதம் உண்டு. அதன் ஒரு பகுதி டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும், மறு பகுதி அருகிலுள்ள மரபணுவை முடுக்கிவிடும். இரு பகுதிகளையும் பிரித்துவிட்டால் வேலை நடக்காது. ஆனால் அவை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. எப்படியாவது அருகருகே வந்தாலே போதும். ஆகவே ஒரு பகுதியோடு என் ஏற்பியையும், மறு பகுதியோடு என் ஃபாஸ்ஃபட்டேசையும் கோத்து, இரண்டையும் ஒரே ஈஸ்டுக்குள் செலுத்தினால், அந்த இரண்டும் ஒட்டும்போது மட்டும் பிரிந்த பகுதிகள் நெருங்கி, ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு விழித்துக்கொள்ளும். பிறகு ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் ஈஸ்டை வைத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். வளர்ந்தால் ஒட்டுகிறது. வளராவிட்டால் ஒட்டவில்லை.

இந்தச் சோதனைக்குச் செலவு குறைவு, வெயிலும் இதை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. 30 பாகைதான் ஈஸ்டுக்குப் பிடித்தமானது. இதன் பலத்தைக் காட்ட ஒன்று சொல்லலாம். 2011இல் வெளிவந்த அராபிடாப்சிஸ் இணைப்பு வரைபடம், ஏறத்தாழ 2,700 புரதங்களுக்கு இடையிலான சுமார் 6,200 இணைப்புகளை இந்த முறையைக்கொண்டே பதிவுசெய்தது. குறைகளும் தெரிந்தவையே. சில புரதங்கள் துணையே இல்லாமல் தாமாகவே மரபணுவை முடுக்கிவிடும்; அவற்றை அடக்கத் தட்டில் 3-ஏ.டி. என்னும் தடுப்பானைச் சேர்ப்போம். உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் உட்கருவுக்குள் வர மாட்டா என்பதால் அவற்றுக்கு இம்முறை பயன்படாது. வேறு ஏற்பாடு வேண்டும்.

என் தட்டில் எதுவும் வளரவில்லை. மூன்று முறை செய்தும் வளரவில்லை. நான் குறிப்பேட்டில் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த முறைக்குப் போனேன்.

அடுத்தது ஒளிர்புரதத்தை இரண்டாகப் பிளந்து பார்க்கும் முறை. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதம் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அதற்காகத்தான் வழங்கப்பட்டது. அதன் மஞ்சள் வடிவத்தை இரு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு புரதத்தோடு கோத்துவிட்டால், அந்தப் புரதங்கள் நெருங்கும்போது துண்டுகளும் சேர்ந்து மஞ்சளாக ஒளிரும். இதைச் செய்ய நாங்கள் பயன்படுத்துவது நிக்கோட்டியானா பெந்தமியானா என்னும் ஆஸ்திரேலியச் செடி, புகையிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்தச் செடியின் நோயெதிர்ப்பில் ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் மரபணுக்களை அது அதிகம் எதிர்ப்பதில்லை. ஆய்வகங்கள் இதை விரும்புவதற்கு அந்த ஏமாளித்தனமும் ஒரு காரணம். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய என் ஆச்சி ஒருமுறை என் கைப்பேசியில் இந்தச் செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இத வச்சிக்கிட்டு என்னத்தப் படிக்க? இதுல காரமே இருக்காது போலிருக்கே" என்றாள். இலையைப் பார்த்தே சொன்ன அந்த மதிப்பீடு பிழையன்று. மெலிந்த, மென்மையான இலை என்பதால்தான் கரைசல் அதற்குள் எளிதாகப் பரவுகிறது.

ஏசி பழுதாவதற்கு முன், மாசி மாதத்தில், இந்த முறையில் எனக்குக் கிடைத்த படம் மிக அழகானது. ஒவ்வோர் உட்கருவும் மஞ்சளாக, பச்சையத்தின் சிவப்புப் பின்னணியில் பொட்டு வைத்ததுபோல் தெரிந்தது. ஈஸ்ட் இல்லை என்றதை இலை ஆம் என்கிறது, நெற்புரதத்துக்கு ஈஸ்டைவிட இலைதானே பொருத்தமான வீடு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் படத்தை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டினேன். அதைப் பார்த்த என் வழிகாட்டி கேட்ட கேள்வி ஒன்றே: "கன்ட்ரோல் எங்கே?"

கன்ட்ரோல் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சோதனை. நான் ஒன்று வைத்திருந்தேன். ஒரு பக்கம் என் ஏற்பி, மறு பக்கம் எதனோடும் கோக்காத வெறும் ஒளிர்துண்டு, அது ஒளிரவில்லை. பல ஆண்டுகள் பல ஆய்வகங்கள் இதையே போதுமென்று கருதி வந்தன. ஆனால் வெறும் துண்டும், ஒரு பெரிய புரதத்தோடு கோத்த துண்டும் உயிரணுவுக்குள் ஒரே அளவில் உருவாவதில்லை, ஒரே இடத்தில் தங்குவதுமில்லை. ஒளிர்துண்டுகளுக்குத் தம்மளவிலேயே ஒன்றையொன்று நாடும் குணம் உண்டு. இரண்டும் ஓரிடத்தில் குவியும்படி மிகையாக உற்பத்தி செய்துவிட்டால், அவற்றோடு கோத்த புரதங்களுக்கு இடையே எந்த உறவும் இல்லாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டினால் பிரிவதுமில்லை. ஆகவே சரியான கன்ட்ரோல் என்பது, எல்லா வகையிலும் அதே புரதமாக இருந்து, ஒட்டும் இடம் மட்டும் கெட்டுப்போனதாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று எங்கள் துறையில் தயாராகவே இருந்தது. அப்சிசிக் அமிலத்துக்குச் செவிசாய்க்காத அராபிடாப்சிஸ் திரிபு ஒன்று 1980களிலேயே கண்டெடுக்கப்பட்டது. அதன் ஃபாஸ்ஃபட்டேசில் 180ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்திருக்கிறது; அந்த ஓர் எழுத்து மாற்றத்தால் ஏற்பி அதன்மேல் உட்கார முடிவதில்லை. நெல்லின் ஃபாஸ்ஃபட்டேசிலும் அதே இடத்துக்கு ஈடான கிளைசினை மாற்றி, புதிய புரதத்தை மஞ்சள் துண்டோடு கோத்து, இலையில் செலுத்திப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே பொட்டுகள். இரண்டு படங்களையும் பெயர் மறைத்துக் காட்டினால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. மேசைக்கு எதிரே இருந்த படத்தை அன்று மாலை கிழித்தேன். இந்த முறை அடியோடு தவறானது என்று நான் சொல்லவில்லை. உற்பத்தியைக் குறைவாக வைத்து, மூன்று நான்கு நாள் விடாமல் இரண்டாம் நாளிலேயே பார்த்து, திரிபோடு ஒப்பிட்டால் இதில் செய்தி உண்டு. ஆனால் அழகான ஒரு படத்தை மட்டும் காட்டும் கட்டுரையை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.

மூன்றாவது முறைக்கு மின்மினிதான் மூலம். மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதியையும் இதேபோல் இரண்டாகப் பிளக்கலாம். வேறுபாடு என்னவென்றால், இந்தத் துண்டுகள் சேர்ந்த பிறகும் பிரியக்கூடியவை. வெளியிலிருந்து ஒளி பாய்ச்சவும் வேண்டியதில்லை. அந்த நொதி ஒளிரச்செய்யும் பொருளான லூசிஃபெரினை இலையின்மேல் தெளித்து, இருட்டுப் பெட்டிக்குள் சில நிமிடம் வைத்து, பச்சையம் தன் மிச்ச ஒளியைக் கக்கித் தீர்க்கும்வரை காத்திருந்து, பிறகு குளிரூட்டிய கேமராவால் படமெடுக்க வேண்டும். படம் அழகாயிராது, உயிரணுவும் உட்கருவும் தெரியாது, இலையில் எந்த வட்டம் எவ்வளவு ஒளிர்கிறது என்ற எண்ணிக்கை மட்டும் கிடைக்கும். ஒரே இலையில் நான்கு வட்டங்களைச் செலுத்தி ஒப்பிடலாம் என்பது இதன் பெரிய வசதி, ஏனென்றால் இலைக்கு இலை வயதும் நலமும் மாறுபடும். ஏசி சரியான பின் வைகாசியில் இதைச் செய்தேன். ஏற்பியும் நல்ல ஃபாஸ்ஃபட்டேசும் இருந்த வட்டம் மங்கலாக ஒளிர்ந்தது; திரிபு இருந்த வட்டம் இருண்டிருந்தது. பிறகு அப்சிசிக் அமிலத்தைச் செலுத்தி மீண்டும் பார்த்தபோது முதல் வட்டம் பளிச்சென்று எழுந்தது, திரிபு அசையவில்லை.

மங்கலான அந்த முதல் ஒளிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அமிலம் சேர்க்காதபோதும் கொஞ்சம் ஒளி எங்கிருந்து வந்தது? சிரிஞ்சால் அழுத்திய இலை காயம்பட்ட இலை. அதில் செடியே தயாரித்த அமிலம் இருக்கத்தான் செய்யும். இலை ஒருபோதும் வெறும் பாத்திரமாக இருப்பதில்லை. ஈஸ்டுக்குள் அந்த அமிலம் இல்லை. இதை நினைத்தபோதுதான் ஈஸ்ட் தட்டில் நான் செய்த பிழை எனக்கு உறைத்தது. 2009ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ரிவர்சைட் குழுவின் ஈஸ்ட் சோதனையில், தட்டில் அப்சிசிக் அமிலமோ அதைப்போல் நடிக்கும் பைரபாக்டின் என்னும் செயற்கைப் பொருளோ இருந்தால்தான் இரு புரதங்களும் ஒட்டின என்பது அதன் மையச் செய்தி. அவ்வளவும் தெரிந்திருந்தும், தட்டுக்கான கலவையை வேறொரு புரத இணைக்காக எழுதப்பட்டிருந்த பழைய குறிப்பேட்டிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதிவிட்டேன். அதில் அமிலம் இல்லை.

உடனே தட்டுக்குத் திரும்பாமல் நான்காவது முறையைச் செய்தேன், ஏனெனில் அதற்கான இலைகள் தயாராக இருந்தன. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உரலில் மாவாக இடித்து, உப்புக் கரைசலில் கரைத்து, ஒரு புரதத்தை, அதைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) பூசிய மணிகளால் பிடித்து இழுக்க வேண்டும். அதனோடு மற்றது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று, புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த வேலையில்தான் தாவரம் தன் பிடிவாதத்தை முழுவதும் காட்டும். உயிரணுவின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் நீர்ப்பை உடைந்ததும் அதிலிருக்கும் புரதம் தின்னும் நொதிகள் கரைசலில் கலக்கின்றன. வாழைக்காய் நறுக்கினால் கையில் ஏறும் கறையை ஒத்த ஃபீனால் பொருள்கள் புரதங்களைக் கருக்கவைக்கின்றன. இவை போதாதென்று, ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ. இலையில் கரையும் புரதத்தில் ஏறத்தாழ பாதிவரைகூட ரூபிஸ்கோவாகவே இருக்கும். அதன் பெரிய அலகு 55 கிலோடால்டன் (புரத எடையை அளக்கும் அலகு) அளவில் ஜெல்லின் நடுவில் தடித்த பட்டையாக உட்கார்ந்து, அக்கம்பக்கத்து மெல்லிய பட்டைகளை இடம்விட்டு நெளியச்செய்யும்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. என் ஏற்பி அடையாள வாலோடு சேர்த்து 25 கிலோடால்டன். மணிகளில் பூசிய எதிர்ப்புரதத்தைக் கொதிக்கவைத்தால் அது 50, 25 என்று இரண்டு சங்கிலிகளாகப் பிரிந்து ஜெல்லில் இறங்கும். ஆக, நான் தேடிய பட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில் எதிர்ப்புரதத்தின் சிறு சங்கிலி உட்கார்ந்திருந்தது. இதற்குத் தீர்வு ஒட்டகக் குடும்பத்திடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்து விலங்குகளின் எதிர்ப்புரதங்களில் ஒரு வகைக்குச் சிறு சங்கிலியே கிடையாது என்பதைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1993இல் ஒட்டகக் குருதியில் கண்டறிந்தார்கள். அந்த வகையின் நுனியை மட்டும் வெட்டியெடுத்துச் செய்த மணிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன, விலையும் அதற்கேற்ப. அவற்றைக்கொண்டு ஃபாஸ்ஃபட்டேசை இழுத்தேன். கழுவும் கரைசல் ஒவ்வொன்றிலும் அப்சிசிக் அமிலத்தைக் கலந்தேன். இலையில் இருந்த அமிலம் கரைசலில் நீர்த்துப்போய்விட்டால் சேர்ந்த இணையும் பிரிந்துவிடும் அல்லவா? ஆடி மாதம் இரண்டாம் வாரத்தில், 25க்கு நேரே, சுத்தமான ஒரு பட்டை தெரிந்தது. திரிபின் வரிசையில் அது இல்லை. அமிலம் கலக்காமல் கழுவிய வரிசையில் இருந்ததா என்றால், உற்றுப் பார்த்தால் இருப்பதுபோல் தெரியும் அளவுக்கு.

பிறகுதான் தட்டு. ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் 10 மைக்ரோமோலார் அப்சிசிக் அமிலத்தைக் கலந்து, பக்கத்தில் அமிலம் இல்லாத தட்டொன்றையும் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் முதல் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. இரண்டாவது வெறுமையாக இருந்தது. கூடவே வைத்த இன்னொரு நெல் ஏற்பி இரண்டு தட்டுகளிலும் வளர்ந்தது. இது முரணன்று. அராபிடாப்சிஸிலும் சில ஏற்பிகள் இரட்டையாகப் பிணைந்திருந்து, அமிலம் வந்து பிரித்தால்தான் ஃபாஸ்ஃபட்டேசிடம் போகும். வேறு சில ஒற்றையாகவே உலாவி, அமிலம் இல்லாமலும் ஓரளவு ஒட்டும். என் ஏற்பி முதல் வகை, மற்றது இரண்டாம் வகை என்று இப்போதைக்குக் கொள்கிறேன்.

இனிச் செய்ய விரும்புவது அருகிலிருப்பவற்றுக்கு அடையாளமிடும் முறை. ஏற்பியோடு ஒரு நொதியைக் கோத்துவிட்டால், ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவுக்குள் வரும் புரதங்கள்மேலெல்லாம் அது பயோட்டின் என்னும் வைட்டமினால் முத்திரை குத்தும். பழைய நொதிக்கு 37 பாகையும் பல மணி நேரமும் வேண்டியிருந்ததால் செடிகளில் அது சரிவர நடக்கவில்லை. 2018இல் வெளிவந்த டர்போஐடி வடிவம் சாதாரண வெப்பத்திலும் விரைவாக வேலை செய்கிறது. வெப்பத்தைக் கண்டு மிரளாத ஒரு கருவியாவது வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அதற்குரிய மரபணுவையும் இலைக்குள் கொண்டுபோகப் போவது அதே அக்ரோபாக்டீரியம்தான்.

ஆய்வேட்டுக்கு இப்போது ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வழக்கமாக இத்தகைய அட்டவணையில் ஒவ்வொரு முறைக்கு எதிரேயும் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்கும். நான் அதில் மூன்று பத்திகளைக் கூட்டியிருக்கிறேன்: அமிலம் இருந்ததா, எந்தத் திரிபோடு ஒப்பிட்டேன், அறையின் வெப்பம் என்ன. சித்திரை மாதத்து ஒன்பது நாள்களின் முடிவுகளும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே குறி எதுவும் போடாமல், "34 பாகை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.